கரைவலைக்கு எதற்கு அரசு?

எம்.பி.டி. ஆச்சார்யாவை நாங்கள் அநேகமாக மறந்துவிட்டோம். 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதியாரோடு ‘இந்தியா’ பத்திரிகையில் உழைத்தவர். 1920இல் தாஷ்கந்தில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். போல்ஷெவிக்குகளோடு ஒத்துவராமல் விலகி, பெர்லினில் அனார்க்கிஸ்டுகளோடு சேர்ந்து, கடைசிவரை அந்தப் பக்கமே நின்றார். 1954இல் பம்பாயில் காலமானார்.

அவர் பிடித்துக்கொண்ட கொள்கை இதுதான்: மேலே இருந்து ஒருவரும் கட்டளையிடாமலே சனங்கள் தங்களுக்குள் பேசி, முறைவைத்துக் காரியம் பார்ப்பார்கள். ரஷ்யப் பிரபு குடும்பத்தில் பிறந்த கிரொபோட்கின் இதற்கு எறும்பிலிருந்து சைபீரியக் கிராமம் வரைக்கும் சான்று தேடி, 1902இல் பரஸ்பர உதவி பற்றிய நூலை வெளியிட்டார். திருகோணமலைப் பக்கம் அவர் வந்ததில்லை. வந்திருந்தால் சல்லிக் கரையில் எங்கள் அப்பப்பாவிடம் கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

அப்பப்பா கரைவலைத் தண்டயல், இழுக்கிற ஆட்களுக்குத் தலைவர். வாடைக்காற்று ஓய்ந்து கடல் படுத்ததும் தொழில் தொடங்கும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு மறுபக்கம் கரையேறும். இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்புப்பட்டியைக் கயிற்றில் கொளுவி, பின்பக்கமாக நடந்து இழுப்பார்கள். கடைசி ஆள் பட்டியைக் கழற்றி, திரும்பத் தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் கொளுவுவார். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலையின் மடி கோணி மீன் போய்விடும். அங்கே விசில் ஊத ஆளில்லை, அம்பாப் பாட்டுத்தான்.

ஒரு பாட்டில், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டில், பல வலைகள் இருந்தால் இன்று யார் முதலில், நாளை யார் என்பது முறை. அதை எழுதிவைத்த கொப்பி எதுவும் நான் கண்டதில்லை. மடி திறந்ததும் சூடை மீனும் கீரி மீனும் கொட்டும். பங்கு பிரிக்க முதல் கறிக்கு மீன் போகும், வழியில் வந்து கயிற்றில் கைவைத்தவருக்கும்.

இதைச் சமத்துவம் என்று சொல்லி ஏமாற்ற நான் தயாரில்லை. வலை சம்மாட்டியுடையது, பெரிய பங்கும் அவருக்கே. முன்பணம் வாங்கியவர் வேறு கரைக்குப் போகேலாது. முறைவைப்பும் தன்பாட்டில் எல்லாவற்றையும் காப்பாற்றாது. தெற்கே மாவெல்ல கிராமத்தில் முறைக்கு ஆசைப்பட்டு வலைகள் பெருகிப் பெருகி, ஒருவருக்கும் கட்டாத நிலை வந்தது. நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் எழுதிய நூலில் அது தோல்விக் கதை. ஆனால் வலைத்தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருந்தது; செல்வாக்குள்ளவர்கள் அரசியல்வாதியைப் பிடித்து அதை முடக்கினார்கள் என்பதையும் அவரே சொல்கிறார். அனார்க்கிஸ்டுகள் இந்த இடத்தில் மெல்லச் சிரிப்பார்கள்.

எங்கள் பக்கம் அரசு வேறு உடுப்பில் வந்தது. 1957இல் பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தைக் கைவிட்டது. பிறகு யுத்தம்; அப்போது பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகேலாமல் இருந்தது, போகிற நேரத்தையும் படை முகாம்தான் சொன்னது. மீன் வரும் நேரம் முகாமுக்குத் தெரிந்திருக்குமா? பின்னர் வின்ச் வந்த கரைகளில் அத்தனை ஆட்களுக்கு வேலை இல்லாமற்போனது, அம்பாவும் போனது.

ஆச்சார்யாவின் கட்டுரைகள் 2019இல் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்துவிட்டன. தமிழிலும் யாராவது கொண்டுவரவேண்டும். அதைவிட அவசரம், பழைய தண்டயல்மார் இருக்கிறபோதே சல்லி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளின் முறைகளைக் கேட்டு எழுதிவைப்பது. கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களே, திருகோணமலை வளாகத்திலிருந்து அந்தக் கரைகள் தூரமில்லை.