ஒரு நாடு கட்டின கடனும் காடு கட்டுற கடனும்

இந்த எபிசோடில் ராஜாவும் இல்லை, கோட்டையும் இல்லை. பின்லாந்துக் காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தில் வாழும் ஒரு சின்ன அந்துப்பூச்சியைப் பற்றித்தான் பேசப்போறேன். ஆனா கதை போரில்தான் தொடங்குது.

1944-ல் சோவியத் யூனியனோடு போர்நிறுத்தம் ஆனபோது, பின்லாந்தின் தலையில் 30 கோடி டாலர் இழப்பீடு விழுந்தது. கப்பல், இயந்திரம், மரம், காகிதம் என்று பொருளாகவே கட்டணும். பறிபோன கரேலியாவிலிருந்து வந்த சுமார் 4 லட்சம் பேருக்கு வீடும் நிலமும் வேற கொடுக்கணும். நாட்டின் கையில் இருந்த பெரிய சொத்து காடுதான்.

1948-ல் முன்னணி வனவியலாளர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டாங்க. பெரிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டுற பழைய முறை காட்டைக் கெடுக்குதுன்னு அவங்க வாதம். அதன்பின் ஒரு பரப்பை மொத்தமாக மொட்டையடித்து, மறுபடி நடுவதுதான் வழக்கமானது. தேர்ந்து வெட்டுவதைச் சட்டம் மறுபடி தாராளமாக அனுமதித்தது 2014-ல்தான்.

இதில் காணாமப் போனது செத்த மரம். தெற்கு பின்லாந்தின் இயற்கையான ஸ்ப்ரூஸ் காட்டில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 60 முதல் 120 கன மீட்டர் வரை செத்த மரம் இருக்கும். மர உற்பத்திக் காடுகளில் சில கன மீட்டர்தான்.

விழுந்த ஸ்ப்ரூஸ் மரத்தில் ஃபோமிடாப்சிஸ் ரோசியா என்ற இளஞ்சிவப்புப் பூஞ்சை, சுவரில் பதித்த பலகை மாதிரி வளரும். அக்னதோசியா மெண்டிசெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு அதைத் துளைத்துத் தின்று வளரும். எல்ஃபியா சிங்குலாட்டா என்ற ஈயின் குஞ்சுப்புழு, அந்தப் புழுவைத் தின்று வளரும். மரம், பூஞ்சை, அந்துப்பூச்சி, ஈ: ஒண்ணை நம்பி ஒண்ணு.

2000-ல் அட்டே கோமோனென், இல்க்கா ஹான்ஸ்கி உள்ளிட்டோர் ஓர் ஆய்வை வெளியிட்டாங்க. சுற்றிலும் வெட்டப்பட்டு 12 முதல் 32 ஆண்டுகள் தனித்து நின்ற காட்டுத் துண்டுகளில் அந்துப்பூச்சி வெகுவாகக் குறைந்திருந்தது. ஈ ஒன்றுகூட இல்லை. பூஞ்சை இருந்தது. வெளியிலிருந்து பார்த்தா நல்ல காடு மாதிரியேதான் தெரியும்!

இதைத்தான் 'அழிவுக் கடன்' என்கிறார்கள். வெட்டினது அன்னைக்கு, உயிரினங்கள் மறைவது பல வருஷம் கழிச்சு. போர் இழப்பீட்டை பின்லாந்து 1952-லேயே கட்டி முடிச்சிடுச்சு. இந்தக் கடன் இன்னும் முடியல.

கடனைக் குறைக்க வழி இருக்கு. 2008-ல் தொடங்கிய மெட்சோ திட்டத்தில், விருப்பப்பட்டு காட்டைப் பாதுகாக்கும் நில உரிமையாளர்களுக்கு அரசு ஈடு கொடுக்குது. ஆனா அங்கொன்று இங்கொன்றாகக் காப்பாற்றினால் போதாதுன்னு அந்த ஈ ஏற்கனவே காட்டிடுச்சு. துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கணும். பழைய மரம் விழணும், விழுந்ததை எடுக்காம விடணும். என்னைக் கேட்டா, இதில் ரொம்பக் கஷ்டம் அந்தக் கடைசி வேலைதான்.