ஒட்டுப் போட்டு ஓட்டியவர்கள்

ஆங்கிலத்தில் 'ஈக் அவுட்' என்று ஒரு பிரயோகம் உண்டு. கையில் இருக்கும் கொஞ்சத்தை நீட்டி நிரவி, அதிக நாள் வரச் செய்வது என்று அர்த்தம். நம் வீடுகளில் 'ஒப்பேத்துறது' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்!

ஆனால், இந்த 'ஈக்' பிறந்தபோது அதில் பஞ்சப்பாட்டு கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், 'கூட்டு... பெருக்கு'. அதன் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் உங்களுக்கும் பழக்கமானவர்தான். 'நிக்நேம்'! இயற்பெயரோடு கூடுதலாக ஒட்டிய பெயர் என்பதால், 'ஆன் ஈக்நேம்' என்றார்கள். வேகமாகச் சொல்லிச் சொல்லி, முன்னால் இருந்த 'ன்' தாவி வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சரி, கூட்டுவது எப்படி நீட்டிப்பதாக மாறியது? குறைவாக இருப்பதோடு வேறு எதையாவது சேர்த்தால்தானே அது நாலு நாள் கூட வரும்? இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனின் சமையலறைகளை எட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். 1940, ஜனவரி 8-ம் தேதி வெண்ணெய், சர்க்கரை, பேக்கன் மூன்றுக்கும் ரேஷன் வந்தது. ஜூலையில் தேயிலைக்கும்! ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். அதாவது, தினம் சுமார் 8 கிராம். டீ இல்லாமல் பொழுதே விடியாத தேசத்துக்கு!

இல்லத்தரசிகள் அசரவில்லை. வெண்ணெயோடு மார்ஜரினைக் குழைத்தார்கள். ரேஷனில் சிக்காத உருளைக்கிழங்கை மசித்து மாவோடு பிசைந்தார்கள். உணவு அமைச்சர் வூல்ட்டன் பிரபுவின் பெயரில், இறைச்சியே இல்லாத ஒரு காய்கறி 'பை' பிரபலமானது.

1945-ல் போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. போர்க்காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டி, 1946-ல் வந்து மாட்டியது. கடைசியாக இறைச்சிக் கட்டுப்பாடு விலகியது 1954, ஜூலை 4-ல். பதினாலரை வருஷ ஒப்பேற்றல்!

இதற்கெல்லாம் முன்பே, 1926-ல், மொழி அறிஞர் ஃபவுலர் கறாராக ஒரு கோடு போட்டார். வருமானத்தை 'ஈக் அவுட்' செய்யலாம். பிழைப்பை அப்படிச் செய்ய முடியாது என்றார். இருப்பதைத்தான் ஒட்டுப் போட்டு நீட்டலாம். அதனால் கிடைக்கும் பலனை அல்ல. நியாயமான கணக்குதான்!

ஜனங்கள் கேட்டார்களா? இல்லை. இன்று அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பிழைப்போடு சேர்த்துத்தான் பார்க்கிறோம். தப்பென்று நினைக்கிறீர்களா? மிச்சம் மீதி உள்ளவனுக்குத்தான் வருமானம் வேறு, பிழைப்பு வேறு. அன்றாடம் காய்ச்சிக்கு இரண்டும் ஒன்றுதானே!