நீருக்குள் முளைத்த கால்கள்

கைகால்களும் விரல்களும் கொண்ட முதுகெலும்பு உயிர்களின் பெருங்கூட்டம் நாற்கால் முதுகெலும்பிகள் எனப்படுகிறது. தவளை, பல்லி, ஆமை, காகம், யானை, மனிதர் என எல்லாரும் இதில் அடக்கம். காலை இழந்துவிட்ட பாம்பும், கடலுக்கே திரும்பிப்போன திமிங்கிலமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. அவற்றின் மூதாதையருக்கு நான்கு கால்கள் இருந்தன. இன்று வாழும் இனங்கள் மட்டும் 30,000க்கும் மேல். இத்தனையும் டெவோனியன் காலத்தில், அதாவது 41.9 கோடியிலிருந்து 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை நீடித்த காலத்தில், நீரில் நீந்திய ஒரு மீன் கிளையின் வழிவந்தவை.

அந்தக் கிளைக்குக் கதுப்புத் துடுப்பு மீன்கள் என்று பெயர். சந்தையில் நாம் வாங்கும் வஞ்சிரம், நெத்திலி, கெண்டை போன்றவற்றின் துடுப்பு, மெல்லிய கதிர்களால் ஆன விசிறி போன்றது. அதை அசைக்கும் தசை பெரும்பாலும் உடலுக்குள்ளேயே இருக்கிறது. கதுப்புத் துடுப்பு மீன்களிலோ எலும்பும் தசையும் துடுப்புக்குள்ளேயே நீண்டு செல்கின்றன. தோளை ஒட்டி ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, அதன்பின் பல சிறு எலும்புகள். நம் மேற்கை, முன்கை, மணிக்கட்டு இதே வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. இவ்வகை மீன்களில் இன்று மிஞ்சியிருப்பவை சில நுரையீரல் மீன்களும் சீலாகாந்த்தும் மட்டுமே. டைனோசர்களோடு அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட சீலாகாந்த், 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் சிக்கியது. அங்குள்ள சிறு அருங்காட்சியகம் ஒன்றைக் கவனித்துவந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதை அடையாளம் கண்டு காப்பாற்றினார்.

கரையேறும் மீன் என்றதும் பலருக்குப் பனையேறிக் கெண்டை நினைவுக்கு வரும். தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் எழுதிய குறிப்பு 1797இல் லண்டனில் வெளியானது. ஆனால் அது வஞ்சிரம், கெண்டை போலவே விசிறித் துடுப்பு கொண்ட கதிர்த்துடுப்பு மீன். கரையில் நகர அது செவுள் மூடியின் முட்களை ஊன்றிக்கொள்கிறது. நம் கால்களின் கதையில் அதற்குப் பங்கில்லை. மீன்கள் நீரைவிட்டு வெளியே வந்தது ஒரே ஒரு முறையல்ல. கால்களோடு வந்தது மட்டும் ஒரு கிளைதான்.

அந்தக் கால்கள் ஏன் தோன்றின? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் ரோமரின் விளக்கமே பாடநூல்களில் இருந்தது. குளங்கள் வற்றின, ஊர்ந்துசென்று அடுத்த குளத்தை அடைந்த மீன்கள் பிழைத்தன, அப்படியே துடுப்பு காலாயிற்று. கேட்க அழகான விளக்கம். அதை அசைத்தது கிரீன்லாந்தின் ஒரு மலைச்சரிவு.

1987இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜென்னி கிளாக் குழுவினர் கிழக்கு கிரீன்லாந்துக்குப் போனார்கள். 1970 வாக்கில் அங்கு போன ஒரு மாணவரின் களக்குறிப்புதான் அவர்களுக்கு வழிகாட்டி. கிடைத்தது அகாந்தோஸ்டெகா என்னும், சுமார் 36.5 கோடி ஆண்டுப் பழமையான, ஏறத்தாழ 60 செ.மீ. நீள விலங்கின் எலும்புகள். ஆய்வகத்தில் பாறையைத் துகள் துகளாக நீக்கி முன்காலை வெளியே எடுத்தபோது விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஐந்தோடு நிற்கவில்லை. எட்டு விரல்கள்! கிளாக்கும் மைக்கேல் கோட்ஸும் 1990இல் இதை அறிவித்தார்கள். உடன்காலத்து இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு, ரஷ்யாவில் கிடைத்த டுலெர்பெட்டானுக்கு ஆறு. விரல்களின் எண்ணிக்கை தொடக்கத்திலேயே ஐந்து என்று அதுவரை இருந்த நம்பிக்கை அதோடு போயிற்று.

விரல்களைவிட முக்கியமானது மற்ற உடல் அமைப்பு. அகாந்தோஸ்டெகாவின் செவுள் எலும்புகளில் இரத்தக்குழாய் ஓடிய பள்ளங்கள் இருந்தன. அது நீருக்குள் மூச்சுவிட்டது. வாலில் மீனுக்குரிய அகன்ற துடுப்பு. விலா எலும்புகள் குட்டை. முன்கால் உடலின் எடையைத் தாங்கும்படி அமையவில்லை. காலும் விரலும் இருந்தும் அது தரையில் நடக்கத் தகுதியற்ற விலங்கு. ஆக, கால்கள் தோன்றியது நீருக்குள்தான். செடி அடர்ந்த ஆழமற்ற நீரில் உந்தவும், பற்றவும், அசையாமல் காத்திருக்கவும் அவை பயன்பட்டிருக்கலாம். நிலத்துக்கு உதவியது பிற்பாடு. இந்த வரிசை மாற்றமே இத்துறையில் அண்மைக் காலத்தின் மிகப் பெரிய திருப்பம் எனலாம்.

மீனுக்கும் அகாந்தோஸ்டெகாவுக்கும் இடைப்பட்ட விலங்கைத் தேடியவர்கள் நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும். தங்களுக்கு வேண்டிய வயதுடைய பாறை எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் ஒரு பாடநூல் வரைபடத்தில் கண்டார்கள். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் 1999இல் தேடத் தொடங்கி, 2004இல் எல்ஸ்மியர் தீவில், பாறையிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு தட்டைத் தலையைக் கண்டெடுத்தார்கள். வயது 37.5 கோடி ஆண்டுகள். அப்பகுதி மக்களான இனுயிட் மூத்தோர் வைத்த பெயர் டிக்டாலிக். செதிலும் துடுப்பும் மீனுடையவை. ஆனால் தலை தோளிலிருந்து பிரிந்து தனியே திரும்பியது, துடுப்புக்குள் மணிக்கட்டு மடங்கியது. கியூபெக்கில் கிடைத்த எல்பிஸ்டோஸ்டெகே என்ற உறவுக்கார மீனின் துடுப்புக்குள் விரல் எலும்புகளே ஒளிந்திருந்தது 2020இல் ஸ்கேன் வழியே தெரிந்தது.

டிக்டாலிக்கின் கண்கள் தலையின் மேலே இருந்தன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, மீனிலிருந்து நாற்காலுயிருக்கு வந்த இந்த வழித்தோன்றலில் கண்குழியின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்கு பெருகியதையும், அது கால்கள் முழுமை பெறுமுன்பே நடந்ததையும் காட்டியது. கலங்கிய நீருக்குள் பெரிய கண்ணால் பலன் குறைவு. நீர்மட்டத்துக்கு மேலே பார்த்தால் வெகுதூரம் தெரியும். கரையில் அப்போதே பூரான் போன்ற கணுக்காலிகள் திரிந்தன. இரை கண்ணில் பட்டபின் கால்கள் அதை நோக்கிப் போயின என்ற இந்த விளக்கம், குளம் வற்றிய கதையைவிடச் சான்றுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

இந்த வரிசையையும் ஒரு கல் குலைத்தது. போலந்தின் ஸாஹெல்மியே கல்குவாரியில் விரல் பதிந்த தடங்கள் இருப்பதாக 2010இல் அறிவிக்கப்பட்டது. அவை சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையானவை, டிக்டாலிக்குக்கும் மூத்தவை! அவை காலடிகள்தானா, மீன் இரைதேடிய குழிகளா என்ற வாதம் தொடர்கிறது. காலடிகள் என்றால், டிக்டாலிக் பாட்டனல்ல. பழைய வடிவத்தோடு நெடுங்காலம் தங்கிப்போன பங்காளி.

டெவோனியன் முடிந்தபின் சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்குப் புதைபடிவங்கள் மிக அரிது. ரோமர் இடைவெளி எனப்படும் அதை நிரப்பத் தொடங்கியவரும் கிளாக்தான். ஸ்காட்லாந்தில் 1971இல் கிடைத்து மீன் என்று ஒதுக்கப்பட்ட ஒரு கல்லில் பெடெர்பெஸ் என்னும் நாற்காலுயிர் இருப்பதை 2002இல் அவர் விளக்கினார். அதன் பாதம் முன்னோக்கித் திரும்பியிருந்தது, நடப்பதற்கேற்ற பாதம்.

ஆனாலும் முட்டையிட நீரைத் தேடும் விலங்கு நிலத்துக்கு முழுச் சொந்தமாகாது. கருவைச் சுற்றிச் சவ்வுப் பையும் நீரும் கொண்ட முட்டைதான் அந்தக் கட்டை அறுத்தது. அவ்வகை உயிர்களில் நெடுநாள் மூத்ததாகக் கருதப்பட்டது, கனடாவின் ஜாகின்ஸ் கடற்பாறையில் உள்ளீடற்ற மரத்தண்டுகளுக்குள் கிடைத்த, ஏறத்தாழ 20 செ.மீ. நீள ஹைலோனோமஸ், சுமார் 31.5 கோடி ஆண்டுப் பழமை. 2025இல் ஆஸ்திரேலியாவின் மான்ஸ்ஃபீல்ட் அருகே கிடைத்த சுமார் 35.5 கோடி ஆண்டுப் பாறையில் நகக்கீறலோடு கூடிய தடங்கள் விவரிக்கப்பட்டன. நகம் அந்த உயிர்களின் அடையாளம். அப்படியானால் தவளை வழியும் பல்லி வழியும் பிரிந்தது அதற்கும் முன்பு, டெவோனியன் காலத்திலேயே, எட்டு விரல் அகாந்தோஸ்டெகா நீந்திய நாட்களை ஒட்டியே.