கைக்கு எட்டாத டேக்-டூ

2008 பிப்ரவரியில் அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வை வெளியிட்டுவந்த டேக்-டூவுக்குப் பங்கொன்றுக்கு 26 டாலர் என ஏறத்தாழ 200 கோடி டாலர் விலை பேசியது; டேக்-டூவின் இயக்குநர் குழு மறுத்துவிடவே, மார்ச்சில் அம்முயற்சி, நிர்வாகத்தின் இசைவின்றிப் பங்குதாரர்களையே நேரடியாக அணுகும் வன்கையகப்படுத்தலாக மாறியது.

விளையாட்டுப் போட்டி கேம்களின் ரசிகர்கள் இதற்கு அஞ்சியதற்கு முன்கதை உண்டு. 2004இல் டேக்-டூ சந்தைக்குக் கொணர்ந்த 'என்எஃப்எல் 2கே5' என்னும் அமெரிக்கக் கால்பந்து கேம் 20 டாலருக்கு விற்கப்பட, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தனது 'மேடன்' கேமின் விலையை 50 டாலரிலிருந்து 30ஆகக் குறைக்க நேர்ந்தது; ஆனால் அணிகளின் பெயர்களையும் வீரர்களின் உருவங்களையும் பிறர் பயன்படுத்தவியலாதபடி தடுக்கும் தனியுரிமத்தை அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனம் பெற்றதும் போட்டி ஒழிந்தது, மறு ஆண்டே விலையும் பழையபடி ஏறிற்று. கூடைப்பந்தில் டேக்-டூவிடம் எஞ்சியிருந்த 'என்பிஏ 2கே'யும் அதே கைக்குப் போய்விடும் என்று ரசிகர்கள் கவலையுற்றது வெறும் பற்றினால் அன்று, விலைக்கணக்கு தெரிந்ததனால்தான்.

செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பின்வாங்கியது. எனினும் அமெரிக்கக் கால்பந்துத் தனியுரிமம் தொடர்பாக அந்நிறுவனத்தின் மீது அவ்வாண்டு ஜூனிலேயே நுகர்வோர் கலிஃபோர்னியாவில் தொடுத்திருந்த ஏகபோக எதிர்ப்பு வழக்கு, 2012இல் 2.7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.