பேராக்கில் கல்லூரி மாணவர்: மது, போதைப்பொருள் பாதுகாப்பு

பேராக் ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை ஒரு காலத்தில் தோட்ட வாழ்க்கையின் அங்கமாகவே இருந்தது. கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. இதை எதிர்த்து 1947இல் கெடாவில் தோட்டத் தொழிலாளரின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. பிறகு பரவிய சம்சு என்னும் மலிவான சாராயம் கள்ளைவிடக் கடுமையானது.

அந்தத் தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலும் கம்பார் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள். மலேசியாவில் மது வாங்கும் குறைந்தபட்ச வயது 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21 ஆனது. முதலாண்டு மாணவர் பலருக்கு வாங்கவே அனுமதியில்லை. 2020 அக்டோபர் திருத்தத்தால் வாகனமோட்டுநரின் இரத்தத்தில் மது வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்தது. போதைப்பொருளுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனை உண்டு. தண்டனைக்குப் பயந்து, மயங்கிய நண்பனை அறையிலேயே படுக்கவைப்பதுதான் பெரிய ஆபத்து.

எழுப்பினாலும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்தபடி 999ஐ அழைக்க வேண்டும். காப்பி கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் பயன்படாது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவருக்குப் பல மணி நேரம் கழித்தே கண் மங்கலாம்; 2018இல் சிலாங்கூரில் பலர் இறந்தது இத்தகைய சாராயத்தால்தான்.

அவசரமல்லாத உதவிக்குத் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தை அணுகலாம். ஹெராயின் போன்ற அபின் வகைகளுக்கு அடிமையானோருக்கு அரசு மெத்தடோன் சிகிச்சை 2005இல் தொடங்கியது. உதவி நாடுவதற்குத் தடையும் உண்டு: 1911இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரைக் கேலியாகச் சொல்லும் பழக்கம் பலரை மனநலச் சிகிச்சையிலிருந்தே தள்ளி நிறுத்துகிறது.