டச்சு புதுச்செவ்வியல் வெள்ளிப் பாத்திரங்கள்

டச்சு புதுச்செவ்வியல் வெள்ளிப் பாத்திரங்கள் என்பவை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆம்ஸ்டர்டாம், தி ஹேக் முதலிய நெதர்லாந்து நகரங்களில் செய்யப்பட்ட உணவு மேசைப் பொருட்கள் ஆகும். இவை அழகுப் பொருளாக மட்டுமன்றிக் குடும்பச் சேமிப்பாகவும் இருந்தன. பணம் தேவைப்பட்டபோதும் பாணி பழையதானபோதும் பல பாத்திரங்கள் உருக்கப்பட்டன. எனவே இன்று எஞ்சியிருப்பவை அன்று செய்யப்பட்டவற்றில் ஒரு பகுதியே.

பாணி

எர்குலேனியம் (1738), பொம்பேயி (1748) ஆகிய பண்டைய உரோம நகரங்களில் அகழாய்வு தொடங்கியபின், ஐரோப்பியக் கலையில் பண்டைய வடிவங்கள் மீண்டும் இடம்பெற்றன. வளைவுகள் நிறைந்த ரொக்கோகோ பாணிக்கு மாறாக, நேர்கோடும் சமச்சீரும் விரும்பப்பட்டன. முத்துச்சரம் போன்ற விளிம்பு, பூமாலைத் தோரணம், தாழி வடிவம் ஆகியவை இதன் அடையாளங்கள். உப்புக் கிண்ணம், கடுகுச் சாந்துக் குடுவை ஆகியவற்றின் வெள்ளிச் சுவரில் துளை வேலைப்பாடு செய்து, உள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம் வைத்தனர். உப்பு வெள்ளியை அரிக்கும் என்பதால், இக்கண்ணாடி அழகுடன் பாதுகாப்பும் தந்தது.

கொல்லர்கள்

இக்காலக் கொல்லர்களில் குறிப்பிடத்தக்கவர் யோகன்னஸ் சியோட்லிங் (1730–1799). சுவீடனின் கோத்தன்பர்க்கில் பிறந்த இவர், ஆம்ஸ்டர்டாமில் தொழில் செய்தார். முதலில் ரொக்கோகோ பாணியில் பணியாற்றிப் பின்னர் புதிய பாணிக்கு மாறினார். இவருக்கு அடுத்த தலைமுறையில் டீடெரிக் லோடவைக் பென்னெவிட்ஸ், ஆட்ரியானுஸ் போனபாக்கருடன் கூட்டாகத் தொழில் நடத்தினார்.

முத்திரைகள்

ஆம்ஸ்டர்டாமில் உயர்ந்த மாற்று வெள்ளியில் நகர முத்திரை, ஆலந்து மாகாணத்தின் முடிசூடிய சிங்கம், ஆண்டெழுத்து, கொல்லரின் முத்திரை என நான்கு குறிகள் பொறிக்கப்பட்டன. கைவினைச் சங்கம் இதனை மேற்பார்வையிட்டது.

1795-இல் பிரான்சுடன் செய்துகொண்ட தி ஹேக் உடன்படிக்கைப்படி, நெதர்லாந்து 10 கோடி கில்டர் செலுத்த வேண்டியதாயிற்று. அந்நெருக்கடியில் மக்களின் வெள்ளிப் பொருட்களும் கோரப்பட்டன. 1798-ஆம் ஆண்டு அரசியலமைப்பு கைவினைச் சங்கங்களை ஒழித்தது. 1814 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான அரசு முத்திரை முறை நடைமுறைக்கு வந்தது. அதில் 1 என்ற எண்ணுடைய சிங்கம் ஆயிரத்தில் 934 பங்கு தூய வெள்ளியையும், 2 என்ற எண்ணுடைய சிங்கம் 833 பங்கையும் குறித்தது.

மாற்றை உறுதிசெய்யப் பொறிக்கப்பட்ட இக்குறிகளைக் கொண்டே, எஞ்சிய பாத்திரங்களைச் செய்த கொல்லர், நகரம், ஆண்டு ஆகியவை இன்று அறியப்படுகின்றன.