யாருடைய துவக்கு? டன்பிளேனுக்குப் பிறகு பிரித்தானியாவின் இலக்குப் பிஸ்டல்கள்

முத்திரை சேர்க்கிற ஆக்களைத் தெரியும். பழைய காசு, பழைய கமரா, இசைத்தட்டு சேர்க்கிற ஆக்களையும் தெரியும். பிஸ்டல் சேர்க்கிற ஆக்களைப் பற்றி நாங்கள் பெரிதாக யோசிப்பதில்லை. எங்கட நாட்டில துவக்கு எண்டால் சீருடையும் காவலரணும்தான் ஞாபகத்துக்கு வரும். ஒருவர் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து அழகு பார்ப்பார் என்பதே விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஐரோப்பாவில் அது நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். பிரித்தானியாவில் அந்தப் பழக்கத்தை 1997 இல் இரண்டு சட்டங்கள் கிட்டத்தட்ட முடித்து வைத்தன. கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம். அந்தக் கதையை இங்கே எழுதுவதற்கு ஒரு கேள்விதான் காரணம்: ஒருவன் செய்த கொலைக்காக, எந்தத் தவறும் செய்யாத ஆயிரக்கணக்கான ஆக்களின் சொத்தை அரசு எடுக்கலாமா?

முதலில் அந்தப் பொருளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேணும். இலக்குப் பிஸ்டல் என்பது கடதாசியில் அச்சிட்ட வட்டத்தைச் சுடுவதற்காகச் செய்யப்பட்டது. அதில் மிகத் தீவிரமான வகை 50 மீற்றர் போட்டிக்கானது. ‘சுதந்திரப் பிஸ்டல்’ என்று அதைச் சொல்வார்கள், ஏனென்றால் அதன் வடிவமைப்புக்கு விதிகள் மிகக் குறைவு. 0.22 அங்குல ரவை ஒன்றைத்தான் போடலாம். சுட்ட பிறகு அடுத்ததைக் கையால் போட வேணும். விசை சில கிராம் அழுத்தத்துக்கே விழும். 50 மீற்றர் தூரத்தில் இருக்கிற இலக்கின் நடு வட்டம் 50 மில்லிமீற்றர் அகலம். ஒரு தேநீர்க் கோப்பையின் அடியளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையை நீட்டி, எதிலும் ஊன்றாமல், அதற்குள் சுட வேணும்.

இந்தப் பிஸ்டலின் பிடி மரத்தால் ஆனது. சுடுகிறவரின் உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் ஏற்றமாதிரிச் செதுக்கி, கை முழுவதையும் சுற்றிக்கொள்ளும்படி செய்வார்கள். இன்னொருவர் பிடித்தால் சரியாக இருக்காது. சுவிற்சர்லாந்தின் லென்ஸ்பேர்க்கில் இருந்த ஹேமர்லி நிறுவனம் இப்படியான பிஸ்டல்களுக்குப் பெயர்பெற்றது. பழைய ஹேமர்லி ஒன்றை வாங்குகிற சேகரிப்பாளருக்கு, முகம் தெரியாத ஒருவரின் கையின் அச்சும் சேர்ந்துதான் கிடைக்கும். சேகரிப்பாளர்கள் இதை ஆயுதம் என்று சொல்லாமல் கருவி என்று சொல்வது எங்கிருந்து வருகிறது என்று இப்போது விளங்கும். மணிக்கூடு செய்கிற துல்லியம் அதில் இருக்கு.

இந்த விளையாட்டுக்கு இங்கிலாந்தில் ஒரு தலைமை இடமும் உண்டு: சரே பகுதியில் உள்ள பிஸ்லி சுடுதளம். 1890 இலிருந்து தேசிய றைபிள் சங்கம் அங்கேதான் இருக்கிறது. 1908, 1948 ஆகிய இரண்டு இலண்டன் ஒலிம்பிக்குகளின் துப்பாக்கிப் போட்டிகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடந்தன. 1948 இல் ஹங்கேரியின் காரோய் டகாச் அங்கு விரைவுச் சூட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். இராணுவத்தில் இருந்தபோது, 1938 இல், கைக்குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்து போனது. அந்தக் கையால்தான் அதுவரை சுட்டு வந்தார். பிறகு இடது கையால் சுடப் பழகினார். உலகப் போர் இரண்டு ஒலிம்பிக்குகளை விழுங்கியது. பிஸ்லிக்கு வரும்போது வயது 38. உலக சாதனையோடு வென்றார். 1952 இல் ஹெல்சிங்கியில் திரும்பவும் வென்றார். பிஸ்டல் சுடுகிறவர்கள் தங்கள் விளையாட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிற கதை இதுதான்.

ஆனால் இந்த விளையாட்டுக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் முதற்கதையை மட்டும் சொல்வது நேர்மை இல்லை.

1996 மார்ச் 13. ஸ்கொட்லாந்தில் டன்பிளேன் என்ற சின்ன ஊரின் ஆரம்பப் பாடசாலை. உடற்பயிற்சி மண்டபத்துக்குள் நுழைந்த ஒருவன் 16 பிள்ளைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான்; பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயது. அன்று அந்தப் பாடசாலையில் இருந்த பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் உலகமே அறிந்த ரெனிஸ் வீரரான அண்டி மறே. அப்போது அவருக்கு எட்டு வயது.

கொலைகாரனிடம் நான்கு கைத்துப்பாக்கிகள் இருந்தன: இரண்டு 9 மில்லிமீற்றர் பிறவுனிங் பிஸ்டல்கள், இரண்டு ஸ்மித் அண்ட் வெசன் ரிவோல்வர்கள். நான்கும் சட்டப்படி வாங்கியவை. நான்குக்கும் பொலிஸ் கொடுத்த அனுமதிப்பத்திரம் இருந்தது. பிரித்தானியாவில் துப்பாக்கி வைத்திருக்க ‘நல்ல காரணம்’ காட்ட வேணும். தற்காப்புக்கு எண்டு சொன்னால் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். அவன் காட்டிய காரணம் இலக்குச் சுடுதல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேணும். பிறவுனிங் 9 மில்லிமீற்றர் பல நாட்டு இராணுவங்கள் இடுப்பில் கட்டிய பிஸ்டல். ஹேமர்லியின் மரப்பிடிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பத்திரத்தில் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் ‘இலக்குச் சுடுவதற்கு’. அப்படியென்றால் ஒரு துவக்கை இலக்குப் பிஸ்டல் ஆக்கியது அதன் வடிவம் மட்டும் இல்லை, வைத்திருக்கிறவர் சொன்ன காரணமும்தான். அந்தக் காரணத்தை நம்பித்தான் முழு ஒழுங்கும் நின்றது.

நம்பிக்கை ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்தது என்பதும் பிறகு வெளிவந்தது. அவனுடைய அனுமதிப்பத்திரத்தைப் பறிக்க வேண்டும் என்று 1991 இலேயே ஒரு துப்பறியும் அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். மேலிடம் அதன்படி நடக்கவில்லை. நீதிபதி கலன் பிரபுவின் விசாரணை இதையெல்லாம் பதிவு செய்தது.

அவருடைய அறிக்கை 1996 ஒக்ரோபரில் வந்தது. அவர் கவனித்தது தொடர்ந்து சுடக்கூடிய தானியங்கிப் பிஸ்டல்களையும் ரிவோல்வர்களையும். பாவிக்காத நேரத்தில் அவற்றைச் சுட முடியாதபடி செய்துவைக்க வேணும். அது சாத்தியம் இல்லையென்றால் தனியார் அவற்றை வைத்திருப்பதைத் தடை செய்யலாம் என்றார். ஆனால் ஊர் அதைவிட வேகமாகப் போய்விட்டது. டன்பிளேன் பெற்றோருக்கு ஆதரவாகத் தொடங்கிய ‘ஸ்னோட்ரொப்’ இயக்கத்தின் மனுவில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த மாதத்தில் பூத்திருந்த சின்ன வெள்ளைப் பூவின் பெயர் அது.

ஜோன் மேஜரின் அரசாங்கம் 1997 தொடக்கத்தில் 0.22 அங்குலத்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது, 0.22 பிஸ்டல்கள் பாதுகாப்பான கழகங்களுக்குள் இருக்கலாம் என்றது. மே மாதத் தேர்தலில் ரொனி பிளேயரின் தொழிற்கட்சி வென்றது. அந்த வருடம் முடிவதற்குள் இரண்டாவது சட்டம் 0.22 ஐயும் தடை செய்தது. வட அயர்லாந்துக்கு மட்டும் இந்தச் சட்டங்கள் பொருந்தவில்லை. ஏறத்தாழ 162,000 கைத்துப்பாக்கிகள் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கப்பட்டன. அரசு நட்டஈடு கொடுத்தது.

ஒரு ரவை மட்டும் போடுகிற 50 மீற்றர் பிஸ்டலும் இந்தத் தடைக்குள் போனது. சேகரிப்பாளர்களின் மிகப் பலமான வாதம் இதுதான்: கலன் பிரபுவே கேட்காத ஒன்றை ஏன் எடுத்தீர்கள்? அதை வைத்து யார் படுகொலை செய்யப் போகிறான்? இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சொந்தக் கைக்குச் செதுக்கிய பிடியோடு பிஸ்டலைக் கொண்டுபோய்ப் பொலிஸ் மேசையில் வைத்தவர்களுக்கு அது உண்மையான இழப்பு. அவர்கள் குற்றவாளிகள் இல்லை.

அப்படியிருந்தும் சட்டம் ஏன் அவ்வளவு தூரம் போனது? அதற்கு 1987 ஐப் பார்க்க வேணும். அந்த வருடம் ஹங்கர்ஃபோர்ட் என்ற இங்கிலாந்து ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த வருடம் வந்த சட்டம் தானியங்கி முறையில் ரவை ஏறும் பெரிய றைபிள்களைத் தடுத்தது. ஹங்கர்ஃபோர்ட்காரனிடம் பிஸ்டலும் இருந்தது. ஆனால் பிஸ்டல்களைச் சட்டம் விட்டுவைத்தது. ஒன்பது வருடத்துக்குள் டன்பிளேனுக்குப் போனது பிஸ்டல்தான். இது ஆபத்து, இது விளையாட்டு என்று கவனமாகக் கோடு போட்ட சட்டம் ஒன்று ஏற்கனவே தோற்றுப்போயிருந்தது. அதனால்தான் இரண்டாம் தடவை நுணுக்கமான கோட்டை ஒருவரும் நம்பவில்லை என்று நாங்கள் வாசிக்கிறோம்.

இனி அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்கு வருவோம். 1997 சட்டம் எல்லாவற்றையும் உருக்கவில்லை. சில கதவுகளைத் திறந்தே வைத்தது.

1946 க்கு முன் போர்க்களத்திலிருந்து நினைவுப்பொருளாகக் கொண்டுவந்த துப்பாக்கியை அனுமதியோடு தொடர்ந்து வைத்திருக்கலாம். அதாவது, மனிதரைச் சுடப் பிறந்த ஒன்று வீட்டில் இருக்கலாம், கடதாசியைச் சுடப் பிறந்த ஒன்று இருக்கக்கூடாது. முரண்தான். ஆனால் சட்டம் அதை நினைவுச்சின்னமாகப் பார்த்தது.

7ஆம் பிரிவு சேகரிப்பாளர்களுக்கானது. அதன் ஒரு பகுதிப்படி, 1919 க்கு முன் செய்த, இலகுவில் ரவை கிடைக்காத வகைத் துப்பாக்கிகளைச் சேகரிப்பாக வீட்டில் வைத்திருக்கலாம். இன்னொரு பகுதி, அரிதானவை, அழகு வேலைப்பாடு உள்ளவை, தொழில்நுட்ப அல்லது வரலாற்று முக்கியத்துவம் உள்ளவை பற்றியது. அவற்றைச் சொந்தமாக வைத்திருக்கலாம், சுடவும் செய்யலாம். ஆனால் அரசு குறித்த இடத்தில் மட்டும். அப்படிக் குறித்த இடங்களில் முக்கியமானது பிஸ்லி.

யோசித்துப் பாருங்கள். சொந்தம் எண்டு நாங்கள் ஒற்றைச் சொல்லில் சொல்லுறதுக்குள்ள மூன்று விஷயம் இருக்கு: பொருள் என்னுடையது, அது என் கையில் இருக்கு, அதை நான் பாவிக்கலாம். 7ஆம் பிரிவு இந்த மூன்றையும் பிரித்துப் போட்டது. வீட்டில் வைத்தால் ரவை இல்லை. ரவை வேண்டுமென்றால் வீட்டில் இல்லை.

நீளத்தை வைத்தும் ஒரு வழி இருந்தது. குழல் 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும், முழு நீளம் 60 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் இருந்தால் தடையில்லை. ஆகவே நீண்ட குழலும், பிடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியுமாகச் சில பிஸ்டல்கள் வந்தன. பார்க்கக் கொஞ்சம் பகிடியாகத்தான் இருக்கும். ஆனால் சட்டைக்குள் ஒளிக்க முடியாது. சட்டம் பயந்தது அந்த ஒளிப்புக்குத்தான்.

விளையாட்டு வீரர்கள் கொடுத்த விலையும் சின்னதில்லை. 2002 மன்செஸ்ரர் பொதுநலவாயப் போட்டிகளுக்கும் 2012 இலண்டன் ஒலிம்பிக்குக்கும் பிஸ்டல் போட்டி நடத்த அரசு விசேட விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. சொந்த நாட்டில் பழக முடியாமல் வெளிநாடு போய்ப் பயிற்சி செய்தவர்கள் இருந்தார்கள். அதே 2012 ஒலிம்பிக்கில்தான் அண்டி மறே ரெனிஸ் தங்கம் வென்றார்.

அப்படியானால் எங்கள் கேள்விக்குப் பதில்? அரசு எடுத்தது சரி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம், ஆனால் இரண்டு நிபந்தனையோடு. எடுக்கிறபோது, நீங்கள் தவறு செய்யவில்லை, ஆனாலும் எடுக்கிறோம் என்று நேரே சொல்லி நட்டஈடு கொடுக்க வேணும். பொலிஸ் விட்ட பிழையைப் புதுச் சட்டத்துக்குப் பின்னால் மறைக்கக்கூடாது. பிரித்தானியா முதலாவதை நட்டஈட்டினாலும், இரண்டாவதைப் பகிரங்க விசாரணையாலும் ஓரளவுக்குச் செய்தது. துப்பாக்கிக் குற்றம் முழுதாக ஒழிந்துவிடவில்லை. 2010 இல் கம்பிரியாவில் ஒருவன் அனுமதியுள்ள வேட்டைத் துப்பாக்கியாலும் றைபிளாலும் 12 பேரைக் கொன்றான். ஆனால் டன்பிளேன் மாதிரி ஒன்று பிரித்தானியப் பாடசாலை எதிலும் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

பழைய இலக்குப் பிஸ்டல் வரலாற்றுப் பொருள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதில் பிழை இல்லை. சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் சிலவற்றை உருக்காமல் விட்டது. இன்றைக்கும் 7ஆம் பிரிவின் கீழ் பிஸ்டல் வைத்திருக்கிற ஒருவர் பிஸ்லிக்குப் போய், தன்னுடையதை வெளியே எடுத்து, கடதாசி வட்டத்தில் சுட்டு, துடைத்து, திரும்ப ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேணும். தன்ர பொருளை அங்கேயே விட்டுவிட்டுப் போவது லேசான விஷயமில்லை. ஆனால் டன்பிளேனின் பெற்றோர் கேட்டதும் அந்த வெறுங்கையைத்தான்.